மேய்ச்சலுக்குத் தடை, வேட்டைக்கு உரிமம்: தான்சானியாவில் மாசாய் நிலம் பறிபோகும் விதம்

2022 ஜூன் 8 வாக்கில், தான்சானியாவின் வடக்கு ஓரத்தில் கென்யாவை ஒட்டி இருக்கும் லோலியோண்டோவுக்குப் பாதுகாப்புப் படையினர் சுமார் 700 பேர் வந்து முகாம் போட்டார்கள். வந்த காரியம் எல்லைக்கல் நடுவது. செரெங்கேட்டி தேசியப் பூங்காவின் கிழக்கு விளிம்பை ஒட்டி நீண்டு கிடக்கும் 1,502 சதுர கிலோமீட்டரை அளந்து, கல் ஊன்றிப் பிரித்துவிட்டால், அதன் பிறகு அங்கே மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் மாடு அதற்குள் போகக் கூடாது. பொலோலெட்டி என்று பெயர் வைத்த அரசிதழ் அறிவிப்பு பிறகுதான், ஜூன் 17இல், வந்தது. எண் 421.

9ஆம் தேதி உள்ளூர்த் தலைவர்கள் பத்துப் பேரைக் கூட்டம் என்று கூப்பிட்டு, வந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். ஆளுங்கட்சியின் வார்டு கவுன்சிலர்களும் அதில் இருந்தார்கள். அன்று இரவு ஊர்க்காரர்கள் நட்ட கற்கள் சிலவற்றைப் பிடுங்கிப் போட்டார்கள். மறுநாள் காலை ஓலோலோசோக்வான் கிராமத்துப் பக்கம் கூட்டம் திரண்டபோது முதலில் கண்ணீர்ப்புகை, அப்புறம் துப்பாக்கிச் சூடு. சுமார் 30 பேருக்குக் குண்டடி. ஒரு போலீஸ்காரர் அம்பு பாய்ந்து இறந்தார்.

தான்சானியாவில் குண்டுக் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் பிஎஃப்3 என்ற போலீஸ் படிவம் கேட்பார்கள். சுட்டதும் போலீஸ், படிவம் தர வேண்டியதும் போலீஸ். காயம்பட்டவர்கள் எல்லை தாண்டி கென்யாவின் நரோக் பக்கம் போய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். கூடவே நூற்றுக்கணக்கான குடும்பங்களும் மாட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போயின. அப்புறம் வழக்கு வந்தது. 10ஆம் தேதி இறந்த போலீஸ்காரரின் கொலை வழக்கில், 9ஆம் தேதியே காவலில் இருந்த அந்தப் பத்துத் தலைவர்களின் பெயரும் சேர்க்கப்பட்டது. மொத்தம் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து மாதம் சிறையில் கிடந்தார்கள். நவம்பரில் அரசுத் தரப்பே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

முடிவை முதலில் எடுத்துவிட்டு அதற்குப் பொருத்தமான காகிதத்தைப் பிறகு தயார் செய்வது இந்த ஒரு வழக்கோடு நிற்கவில்லை. லோலியோண்டோவிலும் அதன் தெற்கே இருக்கும் ங்கோரோங்கோரோவிலும் அறுபது வருடங்களுக்கு மேலாக நிலம் இப்படித்தான் கைமாறிக்கொண்டிருக்கிறது.

வெக்கை நோயும் வில்டபீஸ்ட் கன்றும்

அந்த 1,502 சதுர கிலோமீட்டர் மாசாய்களுக்கு எதற்கு? வெளியிலிருந்து பார்த்தால் அங்கே வீடு அதிகம் தென்படாது. புல், முள்மரம், அங்கங்கே நீர்நிலை. அரசாங்கமும் அதைத்தான் சொல்கிறது: காலியாக இருக்கும் நிலத்தைப் பாதுகாக்கிறோம், யாரையும் துரத்தவில்லை.

ங்கோரோங்கோரோ மலைகளின் எரிமலைச் சாம்பல் காற்றில் வந்து படிந்த சமவெளி, செரெங்கேட்டியின் தென்கிழக்கில் இருக்கிறது. அங்கே முளைக்கும் குட்டைப் புல்லில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அதனால் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இனத்தின் மந்தைகள் மழைக்காலத்தில் அங்கே வந்துதான் கன்று போடும். பெரும்பாலான கன்றுகள் பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களுக்குள் பிறந்துவிடும். அந்தக் கன்றுகளின் மூக்கு, கண் கசிவில் ஒரு வைரஸ் இருக்கிறது. வில்டபீஸ்டை அது ஒன்றும் செய்யாது. வீட்டு மாட்டுக்குத் தொற்றினால் கடும் காய்ச்சல் கண்டு, பெரும்பாலும் செத்தேபோகும். வில்டபீஸ்ட் கன்று போட்ட புல்லில் மாட்டை விடக் கூடாது என்று மாசாய்கள் வைரஸின் பெயர் தெரியும் முன்பே வைத்திருந்த கட்டுப்பாடு இதனால்தான். ஆக, வருடத்தின் மிகச் சத்தான புல் முளைக்கும் நேரத்தில் சமவெளியைக் காட்டு விலங்குக்கு விட்டுவிட்டு, அவர்கள் மாட்டை மேட்டுக்கும் காட்டோரத்துக்கும் ஏற்றிவிடுவார்கள். கோடையில் நிரந்தரத் தண்ணீர் இருக்கும் இடம் தேடி மேற்கே இறங்குவார்கள். லோலியோண்டோவின் அந்த மேற்குப் பட்டை பல கிராமங்களுக்குக் கோடையின் கடைசிப் புகலிடம். அதை எடுத்துவிட்டால் மீதி எட்டு மாத மேய்ச்சல் நிலம் இருந்தும் பிரயோஜனமில்லை. மாடு அந்த நான்கு மாதத்தைத் தாண்டாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 1890களில் ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிய வெக்கை என்ற வேறொரு மாட்டு நோய் மாசாய்களின் மாட்டில் பெரும்பகுதியை அழித்தது. கூடவே வறட்சியும் அம்மையும் சேர்ந்துகொள்ள, அந்தக் காலத்தை அவர்கள் இன்றும் எமுத்தாய், அதாவது எல்லாம் அழிந்த காலம், என்கிறார்கள். அதே நோய் வில்டபீஸ்டையும் பல பத்தாண்டுகள் கொன்றுகொண்டே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் செரெங்கேட்டியில் வில்டபீஸ்ட் சுமார் இரண்டரை லட்சம்தான். பூங்காவைச் சுற்றியிருந்த வீட்டு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு நோய் அடங்கிய பிறகு, 1970களின் முடிவில் அது 13 லட்சத்தை எட்டியது. இன்று லட்சக்கணக்கானவர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கும் வில்டபீஸ்ட் மந்தைகளின் பெரும் இடப்பெயர்வு மாசாயின் மாட்டுக்கு விழுந்த ஊசியால் பெருகியது. இதைப் பூங்காவின் சுற்றுலா விளம்பரங்களில் நான் பார்த்ததில்லை.

1959: ஓர் உறுதிமொழி

செரெங்கேட்டியைத் தேசியப் பூங்காவாகப் பிரிட்டிஷ் நிர்வாகம் 1951இல் அறிவித்தபோது அதற்குள் மாசாய்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்ற இழுபறி சில வருடம் நீடித்தது. பெர்ன்ஹார்ட் கிரிசிமெக் போன்ற ஐரோப்பிய விலங்கியலாளர்கள் விமானத்தில் பறந்து மந்தைகளை எண்ணிவிட்டு, பூங்காவில் மனிதர் யாரும், அங்கேயே பிறந்தவர்களும்கூட, இருக்கக் கூடாது என்று வாதாடினார்கள். கடைசியில் 1958இல் மாசாய்ப் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டு, செரெங்கேட்டி மீதான உரிமையை விட்டுக்கொடுத்து வெளியேற ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் விட்டுப்போன மோரு பாறைகளில் கேடயம் தீட்டிய செவ்வண்ண, வெள்ளை ஓவியங்கள் இன்னும் இருக்கின்றன. சுற்றுலா ஜீப்புகள் அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்கின்றன.

பதிலுக்குக் கிடைத்தது ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி. 1959இல் தனிச் சட்டம் போட்டு உருவாக்கிய 8,292 சதுர கிலோமீட்டர். அங்கே மனிதரும் மாடும் விலங்கும் சேர்ந்தே இருக்கலாம் என்பது ஏற்பாடு. ஆளுநர் ரிச்சர்ட் டர்ன்புல் அதே வருடம் மாசாய் கவுன்சிலுக்கு முன் பேசியபோது, விலங்கின் நலனும் அங்கு வாழும் மனிதர் நலனும் மோதும் நிலை வந்தால் மனிதர் நலனே முன்னிற்கும் என்று உறுதி சொன்னார். மாசாய் அமைப்புகள் அந்தப் பேச்சை இன்றும் மேற்கோள் காட்டுகின்றன. அதிகாரிகள் காட்டுவதில்லை.

உறுதிமொழி சட்டத்தின் வரியாக ஏறவில்லை. சிக்கலின் வேர் அங்கேதான். 1974இல் எரிமலைப் பள்ளத்துக்குள் குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். 1975இல் சட்டத்தைத் திருத்தி விவசாயத்தைத் தடை செய்தார்கள். பால் வற்றும் மாதங்களில் மக்காச்சோளக் கஞ்சிதான் சாப்பாடு. அதைப் பயிரிடக் கூடாது என்றால் மாட்டை விற்றுத்தான் சோளம் வாங்க வேண்டும். 1992இல் தடையைத் தளர்த்தினார்கள், பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள். 2016 முடிவில் ங்கோரோங்கோரோ, ஓல்மோட்டி, எம்பகாய் ஆகிய மூன்று பள்ளங்களுக்குள்ளும் மாடு இறங்கக் கூடாது என்றானது. உப்பு மண்ணும் தண்ணீரும் இருந்ததே அங்கேதான்.

வேட்டைக் கம்பெனி வந்த பிறகு

லோலியோண்டோவின் கதை இதிலிருந்து கொஞ்சம் விலகுகிறது. அது பூங்காவும் இல்லை, ங்கோரோங்கோரோ போன்ற தனிச் சட்டப் பகுதியும் இல்லை. பதிவு பெற்ற கிராமங்கள் இருக்கும் இடம். ஓலோலோசோக்வான் கிராமத்திடம் கிராம நிலச் சான்றிதழே இருக்கிறது. அதே நிலம் இன்னொரு கோப்பில் சுமார் 4,000 சதுர கிலோமீட்டர் வேட்டைக் கட்டுப்பாட்டுப் பகுதியாகவும் பதிவாகியிருந்தது. பழைய சட்டப்படி இந்த இரட்டைப் பதிவால் யாருக்கும் தொந்தரவில்லை: விலங்கை வேட்டையாட உரிமம் வேண்டும், மாடு மேய்க்க வேண்டாம்.

1992இல் ஜனாதிபதி அலி ஹசன் முவின்யி காலத்தில், ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த ஓட்டர்லோ பிசினஸ் கார்ப்பரேஷனுக்கு லோலியோண்டோவில் வேட்டை உரிமை கொடுக்கப்பட்டது. கிராமங்களைக் கேட்டுச் செய்யவில்லை. ஸ்டான் கட்டபாலோ என்ற தான்சானியப் பத்திரிகையாளர் தொடர்ந்து எழுதி அதைத் தேசிய ஊழல் விவகாரமாக்கினார். ஆனாலும் உரிமை ரத்தாகவில்லை. கம்பெனியின் முகாம், விமான ஓடுதளம் எல்லாம் வந்தன. முகாமை நெருங்கினால் செல்போனில் அமீரகத்துக்கு வரவேற்கிறோம் என்று குறுஞ்செய்தி வரும் என்று அங்கே போன செய்தியாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

2009 ஜூலை, கடும் வறட்சி. கலவரத் தடுப்புப் போலீஸ் வந்து சுமார் 200 போமாக்களைக் கொளுத்தியது. போமா என்பது முள்வேலி சூழ்ந்த குடியிருப்பு. நடுவில் மாட்டுப்பட்டி, சுற்றிலும் சாணமும் மண்ணும் பூசிய குடிசைகள். ஒரு போமா எரிந்தால் ஒரு குடும்பம் என்று கணக்குப் போடக் கூடாது, பல அடுப்புகள் சேர்ந்தது அது.

அதே 2009இல்தான் சட்டமும் மாறியது. என்னைக் கேட்டால் இந்த விவகாரத்தில் தீயை விட முக்கியமான இடம் இதுதான். புதிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, வேட்டைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் இனி அனுமதியில்லாமல் கால்நடை மேய்க்கக் கூடாது. இன்னொன்று, கிராம நிலம் எதுவும் இந்தப் பகுதிகளுக்குள் சேராமல் அமைச்சர் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால், லோலியோண்டோ கிராமங்களைக் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து நீக்கியிருக்க வேண்டும் என்பதுதான் நேர் பொருள். அமைச்சகம் அதைத் தலைகீழாகப் படித்தது. 4,000இல் 2,500 சதுர கிலோமீட்டரைக் கிராமங்களுக்கு 'விட்டுத் தருகிறோம்', 1,500ஐ நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்றது. ஏற்கெனவே அவர்களுடைய நிலத்தை அவர்களுக்கே தானம் கொடுத்த மாதிரி! அந்த 1,500ஐ வரைந்த மாவட்ட நிலப் பயன்பாட்டுத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தது வேட்டைக் கம்பெனி. மாவட்டக் கவுன்சில் அதை நிராகரித்தது. ஆனாலும் வரைபடம் எங்கோ ஒரு மேஜையில் பத்திரமாகவே இருந்திருக்கிறது.

2013 மார்ச்சில் அமைச்சர் காமிஸ் ககஷேகி அந்த 1,500ஐ அறிவித்தார். பெண்கள் ஊர் ஊராகக் கூடி உட்கார்ந்தார்கள், கவுன்சிலர்கள் பதவி விலகுவோம் என்றார்கள். செப்டம்பரில் பிரதமர் மிசெங்கோ பிண்டா நேரில் வந்து திட்டத்தைக் கைவிட்டார். 2017 ஆகஸ்டில் மறுபடி தீ. அக்டோபரில் அமைச்சரான ஹாமிசி கிக்வாங்கல்லா வெளியேற்றத்தை நிறுத்தி, நவம்பரில் வேட்டைக் கம்பெனிக்கு இனி உரிமம் கிடையாது என்றும் சொன்னார். கம்பெனி எங்கும் போகவில்லை.

இந்த முறை ஓலோலோசோக்வான், கிர்டாலோ, ஓலோயிரியன், அராஷ் ஆகிய நான்கு கிராமங்கள் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றத்துக்குப் போயிருந்தன. 2018 செப்டம்பரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 2022 ஜூனில் கல் நட்டபோதும் அந்த வழக்கு முடியவில்லை, தீர்ப்புக்காகத்தான் காத்திருந்தார்கள். செப்டம்பர் 30இல் வந்த தீர்ப்பு மனுவைத் தள்ளுபடி செய்தது. காரணம், வெளியேற்றம் பூங்காவுக்குள் நடக்காமல் கிராம நிலத்தில் நடந்தது என்பதை நிரூபிக்கவில்லையாம். 2023 நவம்பரில் மேல்முறையீட்டுப் பிரிவு அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கைப் புதிதாக விசாரிக்கச் சொன்னது. இடையில், 2023 செப்டம்பரில், அருஷா உயர் நீதிமன்றம் மக்களைக் கலந்தாலோசிக்காமல் போட்ட 421ஆம் அறிவிப்பு செல்லாது என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே, 2022 அக்டோபரில், ஜனாதிபதி சாமியா சுலுஹு ஹசன் வேறோர் அறிவிப்பின் மூலம் அதே நிலத்தை இன்னும் கடுமையான வகையான வனவிலங்குக் காப்பகமாக மாற்றியிருந்தார். நீதிமன்றம் ரத்து செய்த காகிதம் ஏற்கெனவே காலாவதியாகிவிட்டிருந்தது.

பொலோலெட்டிக்குள் இன்று மாடு போனால் வனக்காவலர்கள் பிடித்துக்கொள்வார்கள். மாட்டுக்கு 1 லட்சம் ஷில்லிங் என்று அபராதம் கட்டி மீட்க வேண்டும். கட்ட முடியாவிட்டால் ஏலம். 200 மாடு பிடிபட்டால் 2 கோடி ஷில்லிங். ஆனால் அந்த இடத்தில் தலை, கொம்பு போன்றவற்றை வெற்றிச் சின்னமாக எடுத்துப் போக நடக்கும் உரிமம் பெற்ற வேட்டை சட்டப்படி நடக்கலாம். இயற்கைப் பாதுகாப்பு என்ற பெயரை வைத்துக்கொண்டு இதற்கு நேர்மையாக விளக்கம் சொல்ல எனக்குத் தெரிந்து யாராலும் முடிந்ததில்லை.

சுடாமல் காலி செய்வது

ங்கோரோங்கோரோவில் துப்பாக்கி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அங்கே சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள்.

2021 ஏப்ரலில், பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே, ங்கோரோங்கோரோவில் மனிதர் தொகை அளவு மீறிவிட்டது என்று ஜனாதிபதி பேசினார். அடுத்த வருடம் பள்ளிக்கூடங்களுக்கு ஒதுக்கிய பணம் வேறு மாவட்டத்துக்குத் திருப்பப்பட்டது. எண்டுலேன் ஆஸ்பத்திரியின் தரம் குறைக்கப்பட்டது. சாலை இல்லாத ஊர்களுக்குப் பல வருடமாகப் பறந்துகொண்டிருந்த மருத்துவ விமான சேவை நின்றது. கழிப்பறை பழுது பார்க்கக்கூட அனுமதி கேட்க வேண்டும், கேட்டாலும் வராது. இவ்வளவுக்கும் பிறகு 'விருப்பமுள்ளவர்கள்' பெயர் கொடுக்கலாம் என்றார்கள்.

பெயர் கொடுத்தவர்கள் போய்ச் சேர்ந்த இடம் தாங்கா பிராந்தியத்தின் ஹாண்டேனி மாவட்டத்தில் உள்ள முசோமேரா, சுமார் 600 கிலோமீட்டர் தூரம். 2027க்குள் 82,000 பேரை நகர்த்துவது திட்டம். வரிசையாக ஒரே அச்சில் கட்டிய மூன்று அறை வீடு, வீட்டைச் சுற்றி இரண்டரை ஏக்கர், பயிரிட ஐந்து ஏக்கர், கையில் கொஞ்சம் பணம். காகிதத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் மாசாய்க் குடும்பத்தில் ஒருவருக்கு மூன்று மனைவியர் இருந்தால், ஒவ்வொருவருக்கும் அவரவர் கையால் கட்டிய தனி வீடு இருக்கும். அந்த வீடு அவளுடையது. முசோமேராவில் அத்தனை பேருக்கும் சேர்த்து அந்த மூன்று அறைதான், அதுவும் கணவன் பெயரில். இன்னொரு பக்கம், முசோமேராவில் ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்தார்கள், அவர்களில் மாசாய்களும் உண்டு. தங்கள் நிலத்தை எடுத்து வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அவர்கள் புகார் சொல்கிறார்கள். ஓர் இடப்பெயர்வைத் தீர்க்கப் போய் இரண்டாவதை உண்டாக்கியிருக்கிறார்கள்.

அரசாங்கம் சொல்வதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1959இல் ங்கோரோங்கோரோவில் சுமார் 8,000 பேர். இப்போது 1 லட்சத்தை ஒட்டி. வறுமை அதிகம், குழந்தைகளுக்குப் போஷாக்குக் குறைவு. செம்மறியும் வெள்ளாடும் பெருகியிருக்கின்றன. ஆனால் மாடு மனிதரோடு சேர்ந்து ஏறவில்லை, தலைக்கு மாடு குறைந்துகொண்டேதான் வந்திருக்கிறது. புல்வெளியில் களை பரவியதற்கு, முன்பு செய்த கட்டுப்பாடான தீ வைப்பைத் தடை செய்ததும் ஒரு காரணம். பள்ளத்தின் விளிம்பில் வரிசையாக நிற்கும் ஹோட்டல்களும், உள்ளே இறங்கும் ஜீப்புகளும் குடிக்கும் தண்ணீர் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. யுனெஸ்கோ சொன்னதால்தான் ஆட்களை நகர்த்துகிறோம் என்ற பேச்சு எழுந்தபோது, மாசாய்களை இடம்பெயர்க்கும்படி எந்தக் காலத்திலும் கேட்டதில்லை என்று 2022இல் அந்த அமைப்பே அறிவித்தது. ஆனாலும் மக்கள்தொகை பற்றி அது வருடக்கணக்காக எழுப்பிய கவலைகளை அரசாங்கம் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டது. அந்த அளவுக்கு அதற்கும் இதில் பங்குண்டு.

ஆகஸ்ட் 2024

அடுத்ததாக வாக்காளர் பட்டியல். 2024இல் பெயர் சரிபார்க்கப் போன ங்கோரோங்கோரோ மக்கள், தங்கள் வாக்குச்சாவடி முசோமேராவில் இருப்பதாகக் கண்டார்கள். ஊரை விட்டு ஒருநாளும் போகாதவர்கள் அவர்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி வெளியான அறிவிப்பு எண் 673, ங்கோரோங்கோரோவின் 11 வார்டுகளையும் 25 கிராமங்களையும் பட்டியலிலிருந்தே நீக்கியது. கிராமம் இல்லையென்றால் கிராம சபை இல்லை, சபை இல்லையென்றால் நிலம் யாருடையது என்று கேட்க ஆளே இல்லை.

ஆகஸ்ட் 18ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் செரெங்கேட்டிக்குப் போகும் சாலைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அரசாங்கத்துக்கு வருமானம் வருகிற சாலை அது; சுற்றுலா வண்டிகள் வரிசையாக நின்றன. யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை. ஐந்தாம் நாள், 22ஆம் தேதி, அருஷா உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை நிறுத்தி வைத்தது. மறுநாள் அமைச்சர் வில்லியம் லுகுவி வந்து, வாக்குரிமையும் நிறுத்திய சேவைகளும் திரும்பும் என்றார். பல வருட மனுக்களுக்கும் வழக்குகளுக்கும் அசையாதது ஐந்து நாள் ஜீப் நின்றதும் அசைந்தது.

டிசம்பர் 1ஆம் தேதி ஜனாதிபதி அருஷாவில் மாசாய்த் தலைவர்களைச் சந்தித்தார். இரண்டு ஆணையங்கள் அமைப்பதாகச் சொல்லி, 2025 பிப்ரவரி 20இல் அவற்றைத் தொடங்கியும் வைத்தார். ஒன்று ங்கோரோங்கோரோ நிலப் பிரச்சினையை ஆராய, இன்னொன்று முசோமேரா குடியேற்றம் எப்படி நடந்தது என்று பார்க்க. ஆணையம் என்ன எழுதினாலும், இரண்டு கேள்விக்கு அது பதில் சொல்கிறதா என்று பார்த்தால் போதும். பொலோலெட்டியில் கோடை நான்கு மாதம் மாடு மேய விடுவார்களா? 1959இல் வாயால் சொன்னதை ங்கோரோங்கோரோ சட்டத்தில் ஒரு பிரிவாக எழுதுவார்களா? இரண்டுக்கும் ஒரு ஷில்லிங் செலவில்லை, ஓர் அரசிதழ் அறிவிப்பும் ஒரு சட்டத் திருத்தமும் வேண்டும், அவ்வளவுதான்.